காணாமல் போன நாலு ஊசி

அத்தியாயம் 9

ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போனால் ஆறுதல் சொல்லக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும் என்பது ராஜபாய் அக்காவின் கொள்கை. ஆறுதல் சொன்னால் இரண்டு பக்கமும் அழுகை ஆரம்பமாகிவிடும், வார்டன் வந்து நேரம் முடிந்துவிட்டது என்பார்.

அன்றைக்கும் கேள்வி கேட்கத்தான் பூஜப்புரை ஜெயிலுக்குப் போனோம். ஆனால் ஞானசிகாமணி கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் முந்திக்கொண்டார்.

"அக்கா, நான்தான் போடாம விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்திரட்டா?"

"விட்டீரா?"

"இல்ல. கர்த்தர் சாட்சியா நாலையும் என் கையால போட்டேன். ஆனா போலீஸ்காரன், வக்கீல், உள்ள கெடக்கிற களவாணி, எல்லாரும் 'விட்டிருப்பேரு, விட்டிருப்பேரு'ன்னு சொல்லுதானுவ. இப்ப ராத்திரி கண்ணை மூடினா நான் விட்டது மாதிரியே தெரியுது."

செய்யாத தப்பை ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கதைக்குள் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அனூப். வயது நாற்பது. அக்காவின் காரை ஓட்டுவது, குடை பிடிப்பது, யாரும் கேட்காத சந்தேகங்களைக் கேட்பது என் வேலை. இதற்கு உதவித் துப்பறிவாளர் என்று பெயர். அக்கா மோட்டார் இன்ஷூரன்ஸில் நசுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவள். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை.

வலியசாலை அக்ரகாரத்தில் சேஷன் என்று ஒருவர் இருந்தார். அரசாங்கக் கணக்கு வேலையில் ஓய்வு பெற்றவர். அவரிடம் அறுபத்தாறாம் வருஷத்து ஃபியட் ஒன்று இருந்தது. பெண்டாட்டி லலிதாம்பாளிடம் ஒரு நாளைக்குப் பேசுவதைவிட அதிகமாக அந்தக் காரிடம் பேசுவார் என்று தெருவில் சொல்வார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து பொன்முடி மலைக்கு ஊர்வலம் போக ஏற்பாடு செய்தார்கள். தோளுக்குக் குறுக்காக வரும் சீட் பெல்ட் இல்லாத கார் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்து ஃபியட்டில் பெல்ட் ஏது? அது பிறந்ததே பெல்ட் இல்லாமல்.

சேஷன் ஞானசிகாமணியைத் தேடிப் போனார். கரமனையில் கார்ப் பட்டறை வைத்திருப்பவர், சொந்த ஊர் பாறசாலைப் பக்கம். அவர் ஸ்கிராப்பில் கிடந்த ஒரு வெளிநாட்டுக் காரிலிருந்து இரண்டு பெல்ட் எடுத்தார். பழைய தகரம் பெல்ட்டின் இழுப்பைத் தாங்காது என்று பின்னால் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். அதில் வளையம் முறுக்கி, பெல்ட்டின் முனையில் இருக்கும் கொக்கியை மாட்டினார். போல்ட்டில் நிரந்தரமாக முடுக்கிவிட வேண்டியதுதானே என்றால், சேஷன் ஒத்துக்கொள்ளவில்லை. கார்க் கண்காட்சிக்குப் போனால் பெல்ட்டைப் பார்த்ததும் 'அசல் இல்லை' என்று மதிப்பெண் குறைப்பார்களாம். கண்காட்சிக்குக் கழற்றவும் வேண்டும், மலைக்கு மாட்டவும் வேண்டும். உயிரும் வேண்டும், பரிசுக் கப்பும் வேண்டும். பழைய கார்க்காரர்களின் புத்தி அப்படி.

அதனால் கொக்கி. கொக்கி தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் ஓட்டையில் ஒரு சிறிய ஊசி. ஒரு சீட்டுக்கு இரண்டு கொக்கி, இரண்டு சீட்டுக்கும் சேர்த்து நாலு ஊசி.

ஊர்வலத்தன்று மலை ஏறும் வழியில், கல்லாற்றுக்கு மேலே ஒரு வளைவில் ஃபியட் பாறையில் மோதியது. கொக்கி வளையத்தை விட்டுக் கழன்றிருந்தது. சேஷன் நெஞ்சு ஸ்டியரிங்கில் மோதி அங்கேயே போய்விட்டார். நாலு கொக்கியிலும் ஊசி இல்லை. சேஷனின் பையன் கிரிஷ் ஞானசிகாமணி மேல் புகார் கொடுத்தான், போலீஸ் பெரிய பிரிவாகப் பார்த்துப் போட்டது, இரண்டு முறை ஜாமீன் மறுத்தாயிற்று. எங்களைத் துப்பறியச் சொன்னது யார் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். செத்தவரின் பெண்டாட்டி லலிதாம்பாள். "அந்த மனுஷன் வேலை பண்றதைப் பார்த்துண்டே இருந்தேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தார். அவர் தப்புப் பண்ணியிருக்க மாட்டார்" என்று சொல்லி, பையனுக்குத் தெரியாமல் எங்களைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஊசி எப்படி இருக்கும்?" அக்கா கேட்டாள்.

"வளைஞ்ச ஊசி அக்கா, கொண்டை ஊசி மாதிரி. தலையில செவப்பு டேப் சுத்தியிருந்தேன். ஊசி இருக்கா இல்லியான்னு தூரத்துல நின்னே தெரியணும்லா?"

"பெல்ட்டு எந்தக் காருல எடுத்தது? அதுல ஆளு செத்திருக்கா?"

"ஐயோ, இல்ல. மரம் விழுந்து நசுங்கின காரு. வீட்டு முத்தத்துல நின்ன காரு, உள்ள ஒரு பூச்சி புழு இல்ல. ஆளு செத்த காருலேர்ந்து நான் சாமானே எடுக்க மாட்டேன். பெல்ட்டு அழுக்காத்தான் கெடந்தது. சேஷன் சாரு, போகட்டும் ஞானசிகாமணி, பழைய காருக்குப் பழைய அழுக்குன்னு சிரிச்சாரு."

அதற்குள் வார்டன் வந்துவிட்டார்.

"எழுதிக் குடுக்கப்பிடாது, கேட்டீரா? ஞாயித்துக்கிழமை சபையில உமக்காக ஜெபம் பண்ணுதாங்க" என்று அக்கா எழுந்தாள்.

"எனக்காவா, என் ஆத்துமாவுக்காவா?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.

மலையடிவாரப் போலீஸ் நிலையத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை வலுத்திருந்தது. என் கார் வழியெல்லாம் பீப் பீப் என்று கத்தியது. பின் சீட்டில் அக்கா பெல்ட் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கத்தலுக்குக் காரணம் அவளுடைய கைப்பை. முன் சீட்டில் வைத்த அதன் கனத்துக்கு என் கார் அதையும் ஓர் ஆளாகக் கணக்குப் பண்ணிவிட்டது.

"பைக்கும் பெல்ட்டு போடுடே" என்றாள் அக்கா.

"பைக்குள்ள என்ன அக்கா, ஆட்டுக்கல்லா?"

"உன் சம்பளம் இல்ல. அது நிச்சயம்."

நிலையத்தின் ரைட்டர் அக்காவுக்குப் பழைய பழக்கம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன், எதையும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையில் தார்ப்பாயை விலக்கினார்.

ஃபியட்டைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஓர் உயிர் போன கார் தூள்தூளாகி இருக்கும் என்று நினைத்திருந்தேன். முன் பம்பரும் ஒரு ஹெட்லைட் கண்ணும் மட்டும் போயிருந்தன. மற்றபடி அந்தக் கார் தேய்த்துத் துடைத்தால் மறுபடியும் கல்யாணத்துக்குப் போகும்.

"சீட்டு நிக்குது, கதவு திறக்குது, கூரை அப்படியே இருக்கு" என்று அக்கா விரல் விட்டு எண்ணினாள். "பெல்ட்டு நின்னிருந்தா மனுஷன் இறங்கி, கல்லாத்துக் கடையில ஒரு காப்பி குடிச்சிட்டு, பம்பர் போச்சேன்னு பொலம்பியிருப்பாரு. வண்டியைப் பார்த்த மோட்டார் இன்ஸ்பெக்டர் அறிக்கையிலயும் அதான் இருக்கு. அவ்வளவுதான்டே நடந்திருக்கணும்."

கொக்கிகளைப் பார்த்தோம். வெறும் ஓட்டை. தரையிலும் சீட்டுக்கு அடியிலும் ஊசி இல்லை. ஒன்று தெறித்திருக்கலாம், நாலும் தெறிக்காது. யாருமே உட்காராத இடது சீட்டிலும் இல்லை.

"அக்கா, மனசைத் தேத்திக்கிடுங்க. நம்ம ஆளு விட்டுட்டாரு போல" என்றேன். சொல்ல எனக்கே கசந்தது.

அக்கா குனிந்து பெல்ட்டை மோந்து பார்த்தாள். ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே வானத்தைப் பார்த்தேன்.

"இந்தக் காருல எதைத் தொட்டாலும் கையில என்ன ஒட்டுது?"

"அறுவது வருஷத்து அழுக்கு."

"பெல்ட்டைத் தொடு."

தொட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. சாம்பல் நிறப் பட்டை, இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. அக்கா நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வார்ப்பூட்டைத் தள்ளிக் காட்டினாள். அதற்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த விரல் அகலத்துக்கு மட்டும் கன்னங்கரேல் என்று எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது.

"ஞானசிகாமணி மாட்டும்போது பெல்ட்டு முழுசும் இந்த நிறம். அதுக்கப்புறம் யாரோ துவைச்சிருக்காங்க. பூட்டைக் கழத்தத் தெரியாத ஆளு. அதான் அதுக்கடியில அழுக்கு தங்கிப்போச்சு. இங்க பாரு, நடுவுல ஒரு மடிப்பு. கொடிக் கயித்துல போட்டா மடிப்பு கூர்மையா விழும். இது வட்டமா விழுந்திருக்கு. தடியா ஒரு கம்புல தொங்கியிருக்கு. தையல்ல மஞ்சக் கறை வேற."

"எந்தக் கொலைகாரன் அக்கா கொலை பண்றதுக்கு முந்தி கருவியைத் துவைச்சுக் காயப்போடுவான்?"

"அதைத்தான்டே நானும் கேக்கேன்." அக்கா தார்ப்பாயை இழுத்து மூடினாள். "துவைக்கணும்னா கழத்தணும். கழத்தணும்னா ஊசியை எடுக்கணும். துவைச்ச ஆளைப் பிடி, ஊசி கிடைக்கும்."

பல நாள் கழித்து எனக்குச் சிறிது உற்சாகம் வந்தது. திரும்பும் வழியில் நானே வழக்கை முடித்துவிட்டேன். கிரிஷ். அப்பாவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டியவன், கிளம்புகிற காலையில் வரவில்லை என்றுவிட்டான். காரை விற்றுத் தொலைக்கச் சொல்லி அப்பாவோடு சண்டை போட்டவன். புகார் கொடுத்தவனும் அவன்தான். இதைவிட என்ன வேண்டும்?

"கிரிஷ் துவைக்கிற ஆளாடே? அவன் கர்ச்சீஃபையே லாண்டரிக்காரன் துவைக்கான்" என்றாள் அக்கா. என் உற்சாகம் பாதி வழியில் நெடுமங்காட்டிலேயே இறங்கிக்கொண்டது.

வலியசாலையில் தெரு முனையிலேயே கிரிஷ் எதிர்ப்பட்டான். ஃபியட் நின்ற ஷெட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். உள்ளே எண்ணெய் சொட்டிய கறை தவிர ஒன்றும் இல்லை. இருந்தும் பூட்டினான். எங்களைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"மேடம், ப்ளீஸ். அம்மாவை டிஸ்டர்ப் பண்ணாதீங்கோ. கேஸ் கோர்ட்ல இருக்குல்லே?"

"ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நீங்க ஏன் போகல?"

"தலைவலி."

"ரெண்டாவது கேள்வி."

"ஒண்ணுன்னு சொன்னீங்க."

"அவங்களுக்குக் கணக்கு வராது சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்காமலே, "அந்தப் பெல்ட்டு ஸ்கிராப் காருலேர்ந்து வந்ததுன்னு உங்க வீட்டுல யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள்.

சாவி அவன் கையில் நின்றது. "அப்பாவுக்கு. எனக்கு. பின்னே... அம்மாவுக்கு."

"அம்மாவுக்கு யாரு சொன்னா?"

"நான்தான்."

"ஸ்கிராப்புன்னு மட்டும் சொன்னீங்களா?"

கிரிஷ் ஷெட்டின் பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு கொட்ட ஆரம்பித்தான். இந்த வயதில் அந்தப் பிரேக்கை நம்பி மலை ஏற வேண்டாம் என்று அப்பாவிடம் எவ்வளவோ சொன்னானாம். அவர் கேட்கவில்லை. அம்மா சொன்னால் மட்டும் கேட்பார். அம்மா எதற்குப் பயப்படுவாள்? பிரேக்குக்கா பயப்படுவாள்? "அதான் மேடம், ஒரு கதை அடிச்சு விட்டேன். அந்தப் பெல்ட்டைப் போட்டிண்டிருந்த ஆள் அதோடயே செத்துப்போனான்னு சொன்னேன். அம்மா மடி ஆசாரம் எல்லாம் பார்க்கறவ. அப்பாவைப் போகவிட மாட்டாள்னு நினைச்சேன். நானும் வரலைன்னா பிளான் கேன்சல் ஆயிடும்னு..."

"செத்தது உண்மையா?"

"எனக்கெப்படி அறியும்? சும்மா சொன்னது."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. 'அப்படியா'ன்னா. அவ்வளவுதான்."

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அக்காவின் முகத்தில் கண்டுபிடித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அவள் முகம் அப்படி ஆகும்போது எனக்குப் பயம் வரும்.

"வாங்க, உள்ள போவோம். நீங்களும் வரணும்" என்றாள் கிரிஷிடம்.

வீடு நீளமான வீடு. கூடத்தில் உட்கார்ந்தால் முற்றமும் அதற்கு அப்பால் பின்கட்டுத் தாழ்வாரமும் தெரியும். அந்தத் தாழ்வாரத்தில் ஆளுக்கு எட்டாத உயரத்தில் ஒரு மூங்கில் கழி கட்டியிருந்தது. அதில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. யாரும் கை படாமல் துணியைப் போடவும் எடுக்கவும் ஒரு நீண்ட குச்சி சுவரோரம் சாய்ந்திருந்தது. அக்கா மூங்கிலின் தடிமனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்புறம்தான் எனக்குப் பெல்ட்டில் விழுந்திருந்த வட்ட மடிப்பு ஞாபகம் வந்தது.

எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது.

லலிதாம்பாள் துண்டோடு வந்தாள். "நனைஞ்சுண்டு வந்திருக்கேளே. தலையைத் துவட்டிக்கோங்கோ. அந்த மனுஷனைப் பார்த்தேளா? சாப்பிடறாரா?"

"பார்த்தோம் மாமி. சாப்பிடுதாரு" என்றேன் நான்.

"பொய். ஜெயில்ல கிடக்கறவர் என்னத்தைச் சாப்பிடுவார்? பாவம். பெல்ட் அவிழ்ந்துடுத்துன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டான் கிரிஷ். ஏன் அவிழ்ந்துதுன்னு கேட்டா ஒருத்தரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறா." பையனைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தான்டா இவாளைக் கூப்பிட்டேன். கோச்சுக்காதே."

கிரிஷ் தூணோரம் நின்றுவிட்டான்.

அக்கா துண்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "மாமி, அந்தப் பெல்ட்டை நீங்க துவைச்சீங்களா?"

"ஆமாம், துவைச்சேன். அதுக்கென்ன?" லலிதாம்பாளுக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை. "யாரோ போட்டிண்டு செத்துப்போனதாம். கிரிஷ் சொன்னான். அதை அப்படியே இவர் நெஞ்சுமேல போட விடுவேனா? போகாதேங்கோன்னு சொல்லவும் மனசு வரலை. பச்சைக் குழந்தை மாதிரி வாய் ஓயாம அந்தப் பயணத்தையே பேசிண்டிருந்தார். சரி, தீட்டுதானே, போக்கிட்டாப் போச்சுன்னு அவர் கோயிலுக்குப் போன சமயம் ரெண்டையும் கழட்டி வெந்நீர்ல ஊறப்போட்டேன். மஞ்சள் ஜலம் தெளிச்சு மூங்கில்ல காயவிட்டேன். கிளம்பற அன்னிக்கு விடிகாலம் ஸ்நானம் பண்ணிட்டு நானே போய் மாட்டினேன். அந்த மனுஷன் மாட்டறதைப் பார்த்திருந்தேனே. டக்குனு சத்தம் கேட்டுது. அவர் பண்ணின மாதிரியே ரெண்டு ரெண்டு தரம் இழுத்தும் பார்த்தேன்."

தூணோரம் நின்ற கிரிஷ் மெல்லத் தரையில் உட்கார்ந்தான்.

"கொக்கியில ஒரு சின்ன ஊசி இருந்திருக்குமே மாமி. தலையில செவப்பா டேப் சுத்தினது."

"இருந்துதே, நாலு. கழட்டறச்சே எடுத்தேன். சின்னச் சாமான், எங்கேயாவது வெச்சாத் தொலைஞ்சுபோயிடும்னு பத்திரமா..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை தானாக எழுந்து கழுத்துக்குப் போனது. விரல்கள் இடது பக்கம் தேடின. வலது பக்கம் தேடின. புடவைத் தலைப்புக்கு அடியில் தேடின.

கழுத்தில் ஒன்றும் இல்லை.

நம் ஊர்ப் பெண்கள் புடவைக்கு வேண்டிய ஊக்கை எங்கே மாட்டி வைப்பார்கள் என்று எந்தத் துப்பறிவாளருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருநாளும் கழற்றாத, ஒருநாளும் தொலையாத இடம் அது ஒன்றுதான். அதைக் கழற்றும் நாள் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று அவள் நினைத்திருப்பாளா?

கை கழுத்திலேயே இருக்க, லலிதாம்பாள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலை குனிந்துகொண்டாள்.

அவள் எழுந்து பூஜை அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு வெள்ளிச் சம்புடம் இருந்தது. "பத்தாம் நாள் கழட்டறச்சே இதுக்குள்ள போட்டு மூடிட்டா. அப்புறம் நான் திறக்கலை" என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினாள்.

உள்ளே மஞ்சள் சரடு சுருண்டு கிடந்தது. திருமாங்கல்யத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஊக்கு. அவற்றோடு கோத்தபடி நாலு வளைந்த ஊசி. நாலின் தலையிலும் சிவப்பு டேப்.

"அம்மா, அதை மூடு." கிரிஷ் பாய்ந்து வந்தான். "மேடம், நீங்க எதுவும் பார்க்கலை. நான் கேஸை வாபஸ் வாங்கிக்கறேன். அந்த ஆளுக்கு நல்ல வக்கீல் வெக்கறேன். இது வெளிய போனா டி.வி.க்காரன் வாசல்ல வந்து நிப்பான். அம்மா தாங்க மாட்டா."

"இது வாபஸ் வாங்குற கேஸ் இல்ல மக்களே, போலீஸ் கேஸ்" என்றாள் அக்கா. அவள் குரலில் துளி பலம் இல்லை. அவன் இன்னொரு தரம் கெஞ்சியிருந்தால் நாங்கள் இரண்டு பேருமே எழுந்து போயிருப்போம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அங்கே ஞானசிகாமணி தன் குற்றத்தைக் கனவில் பார்த்துக்கொண்டிருப்பார்.

லலிதாம்பாள் பையனின் கையை விலக்கினாள். ஊசிகளை ஒவ்வொன்றாகச் சரட்டிலிருந்து உருவினாள். அவசரமே இல்லை. நாலையும் அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அந்த மனுஷன் அவர் ஆத்துக்குப் போகட்டும். எங்க வந்து என்ன சொல்லணுமோ நான் சொல்றேன்."

அக்கா கையை மூடிக்கொண்டாள்.

"ராஜபாய், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். இது அதுலயே இருந்திருந்தா அவர் திரும்பி வந்திருப்பாரோ?"

அக்கா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பிணத்தைப் பார்த்து அழுபவர்களிடம்கூட உள்ளதைத்தான் சொல்வாள். அன்றைக்கு ஒரு பொய் சொன்னாள்.

"இல்ல மாமி. அந்தப் பாறையில அப்படி மோதினா ஊசி இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்."

லலிதாம்பாள் அதைக் கேட்டு மெதுவாகத் தலையாட்டினாள். "கோர்ட்டுலயும் இப்படியே சொல்வேளா?"

மழை முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பம்பரும் ஒரு கண்ணும் மட்டும் போன அந்தக் கார் என் கண்ணுக்குள் நின்றது. அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். இரண்டாவது பொய் வரவில்லை.

"சரி, தெரிஞ்சுண்டேன்" என்றாள் லலிதாம்பாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சம்புடத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் பையன் பக்கம் திரும்பினாள்.

"கிரிஷ், அந்தப் பெல்ட்டோட முந்தி ஒருத்தர் செத்தார்னியே. ஆம்பளையா, பொம்மனாட்டியா?"

கிரிஷ் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"அவாளுக்கும் ஒரு ஆம்படையாளோ, குழந்தையோ இருந்திருக்குமே. நான் பாட்டுக்குத் தீட்டு தீட்டுன்னு அவா நெனைப்பையே வெந்நீர்ல போட்டு அலசித் தள்ளிட்டேன். அதான் இப்படி ஆயிடுத்தோ என்னமோ." அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "பேர் தெரிஞ்சா இவரோட சேர்த்து அவாளுக்கும் ஒரு விளக்கு ஏத்தலாம்."

மரம் விழுந்த கார், உள்ளே ஒரு பூச்சி புழு இல்லை என்று காலையில்தான் கேட்டிருந்தேன். சொல்லிவிட வாயெடுத்தேன். அக்கா என் பாதத்தை மிதித்தாள், நன்றாக அழுத்தி மிதித்தாள்.

கிரிஷ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்தது. அம்மா பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன்.

"பேர் தெரியலைம்மா" என்றான்.

"பரவாயில்லை, பேர் வேண்டாம்" என்று லலிதாம்பாள் எழுந்தாள்.

சேஷனின் படத்துக்கு முன்னால் ஓர் அகல் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு அகலை வைத்து, எண்ணெய் விட்டு, திரியை இழுத்துவிட்டாள். மழைக் காற்றில் தீக்குச்சி இரண்டு தரம் அணைந்தது. மூன்றாவது குச்சியைக் கிரிஷ் வந்து கையால் மறைத்துப் பிடித்தான். யாருமே சாகாத ஒரு காருக்காக அந்த விளக்கு எரியத் தொடங்கியது. லலிதாம்பாள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அவள் கண்ணைத் திறப்பதற்குள் நாங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டோம்.